யூனிட்டுக்கு ‘எ’, எல்சிக்கு ‘ஆன்’: ஏன் அப்படி?

மண்டபம் பக்கம் நண்டும் கணவாயும் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆங்கிலத்தில் ‘ஒரு’ என்பதற்கு, அடுத்த சொல் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, மற்றதற்கெல்லாம் ‘எ’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நம்பி ‘ஆன் யூனிட்’, ‘எ எல்சி’ (வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்), ‘ஆன் யூரோப்பியன் பையர்’ என்று எழுதினேன். மூன்றையும் மேனேஜர் அடித்துவிட்டார். சரி, காதுக்கு எப்படிப் படுகிறதோ அப்படி எழுதுவோம் என்று ‘ஆன் இயர்’ என்று எழுதினேன், வருஷம் என்ற அர்த்தத்தில். அதையும் அடித்துவிட்டார். அண்ணே, இதற்கு விதி என்று ஏதாவது இருக்கிறதா, எல்லாமே மனப்பாடம்தானா?”

விதி இருக்கிறது தம்பி, ஒன்றே ஒன்றுதான். உங்கள் மேனேஜர் நான்கு இடத்திலும் சரியாகத்தான் அடித்திருக்கிறார்.

‘எ’யும் ‘ஆன்’னும் தனக்கு அடுத்து நிற்கிற சொல்லின் முதல் ஒலியை மட்டும் பார்க்கும். எழுத்தைப் பார்க்காது, பொருளைப் பார்க்காது. அந்த ஒலி உயிரொலி என்றால் ‘ஆன்’, மெய்யொலி என்றால் ‘எ’. பள்ளிக்கூடத்தில் சொன்ன ஐந்து எழுத்துக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும், ஏனென்றால் அந்த ஐந்து எழுத்துகள் பெரும்பாலும் உயிராக ஒலிக்கின்றன. ஒலிக்காத இடத்தில்தான் காலை வாரிவிடும்.

உங்கள் தொழிலிலிருந்தே ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வலை ஒன்று, அதை ‘யூஸ்டு நெட்’ என்கிறோம். இன்னும் கடலில் இறக்காத வலை, ‘அன்யூஸ்டு நெட்’. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் இரண்டும் ஒரே யூ எழுத்தில்தான் தொடங்கும். முதலாவது வாயில் ‘யூ’ என்று, அதாவது ய் என்ற மெய்யோடு வருகிறது. எனவே ‘எ யூஸ்டு நெட்’. இரண்டாவது ‘அ’ என்று வருகிறது. எனவே ‘ஆன் அன்யூஸ்டு நெட்’. யூனிட், யூனிஃபார்ம், யூனியன், யூனிவர்சிட்டி, யூஸ்ஃபுல் எல்லாம் முதல் கட்சி. அங்கிள், அம்ப்ரெல்லா, அர்ஜென்ட், அப்பர் எல்லாம் இரண்டாம் கட்சி. யூனிட்டும் யூனியனும் தொடங்குகிற அதே எழுத்துகளில் தொடங்கிவிட்டு ‘அன்’ என்று ஒலிக்கிற சொற்களும் உண்டு. இன்ஷூரன்ஸ் இல்லாத படகு ‘ஆன் அன்இன்ஷூர்டு போட்’, கடலோரக் காவல்படை அறிக்கையில் வருகிற அடையாளம் தெரியாத படகு ‘ஆன் அன்ஐடென்டிஃபைடு போட்’. யூரோப்பியன், யூரோ, யூகலிப்டஸ் மூன்றும் ஈ எழுத்தில் தொடங்கினாலும் வாயில் ‘யூ’தான், எனவே ‘எ’. ‘ஒன்’, ‘ஒன்ஸ்’ இரண்டும் ஓ எழுத்தில் தொடங்கும், ஆனால் உண்மையான உச்சரிப்பு ‘வன்’, ‘வன்ஸ்’. எனவே ‘எ ஒன்-கிலோ பேக்’.

அடுத்து நிற்கிற சொல் என்று சொன்னேன் அல்லவா, அதையும் கொஞ்சம் கவனியுங்கள். நங்கூரம் ‘ஆன் ஆங்கர்’. துருப்பிடித்த நங்கூரம் ‘எ ரஸ்டி ஆங்கர்’. படகு ‘எ போட்’, பழைய படகு ‘ஆன் ஓல்டு போட்’, ரொம்பப் பழைய படகு ‘எ வெரி ஓல்டு போட்’. நடுவில் யார் வந்து நின்றாலும் அவர்தான் கணக்கு. ‘எக்ஸ்போர்ட்டர்’ என்பதற்கு ‘ஆன்’ போட்டுப் பழகிய கை, ‘சீஃபுட் எக்ஸ்போர்ட்டர்’ என்று எழுதும்போதும் ‘ஆன்’ போட்டுவிடுகிறது. நம் பக்கத்துக் கம்பெனிக் கடிதங்களில் அடிக்கடி பார்க்கிற தவறு இது.

விதி இவ்வளவுதான். அப்படியானால் காதை நம்பி எழுதிய ‘ஆன் இயர்’ ஏன் தப்பாகப் போனது? ‘வாயால் சொல்லிப் பார், தெரியும்’ என்று எல்லோரும் சொல்வார்கள். ஆங்கிலேயனுக்கு அது போதும். நம் வாயில் தமிழ் உட்கார்ந்திருக்கிறது, அது சும்மா இருக்காது.

இரண்டு உயிர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் தமிழுக்குப் பொறுக்காது. நடுவில் ஒரு ய் அல்லது வ் போட்டு இணைத்துவிடும். கரை, ஓரம் இரண்டும் சேர்ந்தால் கரையோரம். சுறாவோடு ஐ சேர்ந்தால் சுறாவை. இலக்கணத்தில் இதை உடம்படுமெய் என்று படித்திருப்பீர்கள். பேச்சில் இது இன்னும் ஒரு படி மேலே போய், சொல்லின் தொடக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். எலி ‘யெலி’ ஆகிறது, எட்டு ‘யெட்டு’ ஆகிறது, ஒண்ணு ‘வொண்ணு’ ஆகிறது. இதே பழக்கத்தில் எக்ஸ்போர்ட் ‘யெக்ஸ்போர்ட்’ ஆகும், எம்எல்ஏ ‘யெம்மெல்லே’ ஆகும், படகு ஓனர் ‘வோனர்’ ஆவார். ஆங்கிலத்தில் ‘எ’க்கும் அடுத்த உயிருக்கும் நடுவில் நாக்கு தடுக்காமல் இருக்கத்தான் அந்த ‘ன்’ வேலை செய்கிறது. நாம் ‘எ’வுக்கும் ‘ஐஸ்’ஸுக்கும் நடுவில் நமக்கே தெரியாமல் ஒரு ய் போட்டு வழுக்கிக்கொண்டு போய்விடுகிறோம். தடுக்கினால்தானே ‘ன்’ வேண்டும் என்று தோன்றும்? ‘எ ஐஸ் பாக்ஸ்’ என்று எழுதுகிறவர்களுக்கு அது காதில் உறுத்தாததற்குக் காரணம் இதுதான்.

எனவே நமக்கு ஒரு சோதனை கூடுதலாக வேண்டும். சொல்லின் முன்னால் ய் அல்லது வ் கேட்டால், அதைக் கழற்றிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘யெக்ஸ்போர்ட்’டில் ய்யைக் கழற்றினால் ‘எக்ஸ்போர்ட்’. சொல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் சொல்லப்போனால் இப்போதுதான் சரியாக இருக்கிறது. அப்படியென்றால் அந்த ய் நாம் போட்டது. ‘ஆன் எக்ஸ்போர்ட் ஆர்டர்’. ‘யூனிட்’டில் ய்யைக் கழற்றினால் ‘ஊனிட்’. அப்படி ஒருவரும் சொல்வதில்லை. அந்த ய் சொல்லோடு பிறந்தது, எனவே ‘எ யூனிட்’. ‘வோனர்’ கழன்று ‘ஓனர்’ ஆகிறார், நல்லபடியாகவே இருக்கிறார், ‘ஆன் ஓனர்’. ‘வயர்’ கழன்றால் ‘அயர்’, சொல்லே போய்விட்டது, ‘எ வயர்’. கழன்றுவருவது நம் சரக்கு, கழலாதது அவர்கள் சரக்கு.

இந்தச் சோதனைக்கும் பிடிபடாத ஒரு சிறு கூட்டம் உண்டு. அதில்தான் உங்கள் ‘இயர்’ இருக்கிறது. காது என்பதற்கும் வருஷம் என்பதற்கும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடு முன்னால் இருக்கிற ஒரு ய் மட்டுமே. காதுக்கு அது கிடையாது, வருஷத்துக்கு உண்டு. இகரத்துக்கு முன்னால் ய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் நாக்குக்கு ஒன்றுதான், அதனால் நம்மில் பலர் இரண்டையும் ‘இயர்’ என்றே சொல்கிறோம், ஒன்றாகவே கேட்கிறோம். இந்த இடத்தில் காது உதவாது, எழுத்தைத்தான் நம்ப வேண்டும். ஆங்கிலத்தில் ஒய் எழுத்து முதலில் நின்று அடுத்து உயிர் வந்தால் அது மெய்தான்: ‘எ இயர்’, ‘எ எல்லோ டேக்’, ‘எ யாட்’. இதே போல வ்வும் உகரமும் சேர்கிற இடம். ‘உமன்’, ‘உட்’ என்று நாம் சொல்கிற இரண்டுக்கும் முன்னால் டபிள்யூ நிற்கிறது, எனவே ‘எ உமன்’, ‘எ உடன் பாக்ஸ்’. ‘ஆன் இயர்’ இந்தியா முழுக்கப் பரவியிருக்கும் தவறு, உங்களுக்கு மட்டும் வந்ததில்லை.

தமிழில் இதே ஏற்பாடு இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உயிருக்கு முன் ‘ஓர்’, மெய்க்கு முன் ‘ஒரு’. யானையை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒரு யானை. அதே விலங்கைப் பேச்சுவழக்கில் ஆனை என்றால் ஓர் ஆனை. ஒலி மாறியதும் முன்னால் இருப்பது மாறிவிட்டது. ‘எ யூனிட்’, ‘ஆன் அங்கிள்’ என்பதும் இதேதான். பேச்சில் நாம் ‘ஒரு ஆளு’, ‘ஒரு ஊருல’ என்று ஒருவையே எல்லா இடத்திலும் ஓட்டிவிடுகிறோம், அதனால் அந்த அனிச்சை நமக்குள் வளரவில்லை. எழுத்துத் தமிழில் ஓர்–ஒரு பார்த்து எழுதுகிறவர்கள் ஆங்கிலத்திலும் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

எச் எழுத்து விஷயத்தில் மனப்பாடம்தான் வழி, ஆனால் பட்டியல் சின்னது. எச் எழுதப்பட்டும் ஒலிக்காத சொல் குடும்பங்கள் நான்கு: மணி நேரத்தைக் குறிக்கிற ‘அவர்’, நேர்மையைக் குறிக்கிற ‘ஆனஸ்ட்’, மரியாதையைக் குறிக்கிற ‘ஆனர்’, வாரிசைக் குறிக்கிற ‘ஏர்’. இவற்றிலிருந்து பிறந்தவையும் சேர்த்தி. குளிர்பதன அறையில் மணிக்கு ஒரு தடவை வெப்பநிலை எழுதி வைக்கிறீர்களே, அது ‘ஆன் அவர்லி ரெக்கார்டு’. மற்றவற்றில் பெரும்பாலும் எச் ஒலிக்கும், அங்கே ‘எ’தான். இங்கேயும் தமிழ் குறுக்கே வரும். நாம் ஹோட்டலை ஓட்டல் ஆக்கியவர்கள், ஹாஸ்பிடலை ஆஸ்பத்திரி ஆக்கியவர்கள். அந்தப் பழக்கத்தில் ‘ஆன்’ போட்டுவிடாதீர்கள். ‘எ ஹோட்டல்’, ‘எ ஹார்பர்’, ‘எ ஹாஸ்பிடல்’. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ‘ஆன் ஹோட்டல்’, ‘ஆன் ஹிஸ்டாரிக்’ என்றெல்லாம் பார்க்கலாம், சில பத்திரிகைகளில் இன்றும் வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை ‘எ ஹிஸ்டாரிக் பிரிட்ஜ்’ என்றே எழுதுங்கள், யாரும் அடிக்க மாட்டார்கள்.

அப்புறம் சுருக்கெழுத்துகள். ஏற்றுமதி அலுவலகத்தில் பாதிக் கடிதம் இதுதான், எனவே இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிற சுருக்கம் என்றால் முதல் எழுத்தின் பெயர் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ஏ, ஈ, எஃப், எச், ஐ, எல், எம், என், ஓ, ஆர், எஸ், எக்ஸ் என்ற 12 எழுத்துகளின் பெயர்கள் உயிரில் தொடங்குகின்றன. இவற்றுக்கு ‘ஆன்’. மற்ற 14 எழுத்துகளுக்கு ‘எ’, அதில் யூவும் அடக்கம். வங்கி கொடுக்கும் ‘லெட்டர் ஆஃப் கிரெடிட்’டை விரித்து எழுதினால் ‘எ லெட்டர் ஆஃப் கிரெடிட்’. அதையே சுருக்கினால் ‘ஆன் எல்சி’. ஒரே காகிதம்தான். ‘எ யூரோப்பியன் பையர்’, ஆனால் ‘ஆன் ஈயூ பையர்’. அமெரிக்காக்காரர் ‘ஆன் அமெரிக்கன் பையர்’, சுருக்கினால் ‘எ யூஎஸ் பையர்’. துபாய்க்காரர் ‘எ யூஏஈ பையர்’, நாட்டுக்காரராகச் சொன்னால் ‘ஆன் எமிராட்டி பையர்’. உணவு உரிமம் ‘ஆன் எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ்’. சுங்கக் குறியீடு ‘ஆன் எச்எஸ் கோடு’. நண்டும் இறாலும் 0306, கணவாய் 0307 என்று போடுகிறீர்களே, அந்தக் கோடுதான். எச் எழுத்தை நம் ஊரில் ‘ஹெச்’ என்று சொல்வதால் ‘எ எச்எஸ் கோடு’ என்று பலர் எழுதுகிறார்கள். அவர்கள் உச்சரிப்புக்கு அது பொருந்தவே செய்கிறது, ஆனாலும் வெளிநாட்டுக்குப் போகிற கடிதத்தில் ‘ஆன்’ போடுவதே நல்லது. அகராதிகள் முதலில் தரும் உச்சரிப்பு ‘எய்ச்’ என்பதுதான்.

சொல்லாகச் சேர்த்துப் படிக்கிற சுருக்கங்கள் வேறு. அங்கே எழுத்தின் பெயரை மறந்துவிட்டு, படிக்கிற சொல்லைக் கேளுங்கள். மீன் பதப்படுத்தும் கூடங்களில் ஆபத்து எந்தக் கட்டத்தில் நுழையும் என்று பார்த்துக் கட்டுப்படுத்துகிற ‘ஹாசப்’ முறை இருக்கிறது அல்லவா. அது எச்சில் தொடங்குகிறது, ஆனால் யாரும் ‘எச்-ஏ-சி-சி-பி’ என்று படிப்பதில்லை. ‘ஹாசப்’ என்றே படிக்கிறோம், எனவே ‘எ ஹாசப் பிளான்’. பக்கத்திலேயே இருக்கிற எச்எஸ் கோடுக்கு ‘ஆன்’, இதற்கு ‘எ’. நீட் தேர்வும் அப்படித்தான். என் எழுத்தில் தொடங்கினாலும் ‘நீட்’ என்று படிப்பதால் ‘எ நீட் சென்டர்’. பத்திரிகைகளே இதில் ‘ஆன்’ போட்டு வைக்கின்றன. யுனெஸ்கோ, ‘எ’. சுற்றுலாக்காரர்களுக்கு நோட்டீஸ் அடிக்கிற நம் ஊர்ப் பையன்களுக்காகச் சொல்கிறேன்: மன்னார் வளைகுடா ‘எ யுனெஸ்கோ பயோஸ்பியர் ரிசர்வ்’, 2001-லிருந்து. அதிலுள்ள 21 தீவுகளில் ஒன்றைப் பற்றி எழுதினால் ‘ஆன் அன்இன்ஹாபிடட் ஐலேண்ட்’, ஆள் இல்லாத தீவு. இஸ்ரோவில் தகராறே இல்லை. சேர்த்துப் படித்தாலும் பிரித்துப் படித்தாலும் உயிர்தான் முதலில் வருகிறது.

சில சுருக்கங்களை ஆளுக்கு ஒரு மாதிரி படிப்பார்கள். கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலையை எழுத்தாகப் படிப்பவர் ‘ஆன் எஃப்ஓபி பிரைஸ்’ என்பார், ‘ஃபாப்’ என்று சேர்த்துப் படிப்பவர் ‘எ ஃபாப் பிரைஸ்’ என்பார். இரண்டும் செல்லும். எழுத்தாகப் படிப்பதே அதிகம் புழங்குகிறது. ஒரு கடிதத்துக்குள் இரண்டையும் கலக்காதீர்கள், அதுதான் கண்ணை உறுத்தும்.

எண்களுக்கும் இதே நியாயம். எண்ணை ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தால் தீர்ந்தது. உயிரில் தொடங்குபவை 8, 11, 18, 80 முதல் 89 வரை, 800, 8,000 இப்படி எட்டின் குடும்பமும் பதினொன்றும்தான். 20 அடி, 40 அடி கன்டெய்னர் இரண்டுக்கும் ‘எ’. 18 கிலோ அட்டைப் பெட்டிக்கு ‘ஆன்’. உறைகிடங்கு மைனஸ் 18 டிகிரி என்கிறீர்கள். அந்தக் கழித்தல் குறியை ‘மைனஸ்’ என்று படிக்கிறோம் அல்லவா, எனவே ‘எ மைனஸ் 18 டிகிரி கோல்டு ஸ்டோர்’. 18-ஐப் பார்த்து ‘ஆன்’ போட்டால் தப்பு. ரூபாய்க் குறி நேர்மாறு. அது எண்ணுக்கு முன்னால் நின்றாலும் படிக்கும்போது பின்னால் போய்விடுகிறது. எனவே ரூபாய்க் குறி போட்டு 80 லட்சம் என்று எழுதிய ஆர்டருக்கு ‘ஆன்’, 70 லட்சத்துக்கு ‘எ’.

‘ஆன்’ என்பது ‘எ’வோடு ஒரு ‘ன்’ ஒட்டிப் பிறந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வரலாறு தலைகீழ். பழைய ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்ணுக்கு இருந்த சொல்தான் தேய்ந்து ‘ஆன்’ ஆனது. மெய்க்கு முன்னால் அந்த ‘ன்’ உதிர்ந்து ‘எ’ வந்தது. சொல் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று ஆங்கிலேயர்களுக்கே குழம்பிய காலம் உண்டு. மீன் வெட்டும் கூடத்தில் பெண்கள் கட்டிக்கொள்கிற ‘ஏப்ரன்’ ஒரு காலத்தில் ‘நேப்ரன்’. ‘எ நேப்ரன்’ என்று சொல்லச் சொல்ல, அந்த ‘ன்’ முன்னால் இருப்பதைச் சேர்ந்தது என்று எண்ணிக்கொண்டு ‘ஆன் ஏப்ரன்’ ஆக்கிவிட்டார்கள். கிரிக்கெட் அம்பயரும் இப்படி ‘ன்’னைப் பறிகொடுத்தவர்தான். ‘நிக்நேம்’ மட்டும் எதிர்த்திசையில் ஒரு ‘ன்’னைச் சம்பாதித்துக்கொண்டது. இதெல்லாம் தெரியாவிட்டால் கடிதம் ஒன்றும் கெட்டுப்போகாது, ருசிக்காகச் சொன்னேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. எதைப் போடுவது என்று யோசிப்பதற்கு முன், போடலாமா என்று பார்க்க வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ண முடிகிற பொருள் ஒருமையில் வந்தால்தான் இரண்டில் எதுவும் வரும். இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட், அட்வைஸ் மூன்றும் நல்ல உயிரில் தொடங்குகின்றன, கை தானாக ‘ஆன்’ போடப் போகும். மூன்றும் ஆங்கிலத்தில் எண்ணிக்கைக்கு வராத சொற்கள், எனவே எதுவும் போடக் கூடாது. ஒன்று என்று காட்டியே தீர வேண்டுமானால் ‘எ பீஸ் ஆஃப் எக்விப்மென்ட்’ என்று எழுதுங்கள். சீஃபுட், ஐஸ் இரண்டும் அப்படியே. ஐஸ் பெட்டிக்கு ‘ஆன்’ உண்டு, வெறும் ஐஸுக்கு இல்லை. மீன் சரக்காகப் பேசப்படும்போது ஒன்றும் வேண்டாம், தனி மீனாகக் கையில் எடுத்துக் காட்டினால் ‘எ ஃபிஷ்’. ‘அட்வைஸ்’ஸில் மட்டும் உங்கள் துறைக்கு ஒரு விலக்கு உண்டு. பணம் அனுப்பியதற்கு வங்கி கொடுக்கும் அறிவிப்புச் சீட்டை ‘எ பேமென்ட் அட்வைஸ்’ என்று எழுதலாம். அது புத்திமதி இல்லை, எண்ணிக் கோப்பில் வைக்கிற காகிதம்.